நான் சொல்லாத மன்னிப்பு

அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். அப்புறம் நீ அது அப்படி இல்லை, இது இப்படி இல்லை என்று மழுப்பக் கூடாது. டி.வி.க்கு நேர் எதிரே பிரம்பு நாற்காலியில் நீ. தரையில் காலை நீட்டிக்கொண்டு உன் மகள் சுதா. கதவோரம் ஸ்டூலில் எதிர் வீட்டு யாதகிரி; அவர் வீட்டில் இருப்பது கறுப்பு வெள்ளைப் பெட்டி என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீட்டுக்கு வந்துவிடுவார். பெரிய சோபாவில், கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு, லாலாகுடாவிலிருந்து வந்திருந்த தங்கராசு. அவன் பக்கத்தில் அவன் மனைவி ராஜாமணி. உன் மனைவி விமலா சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். நான் சமையலறை நிலைப்படியில், வழக்கமாக உட்காரும் இடத்தில், அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தேன். இத்தனை பேர் காதிலும் விழுந்த விஷயம் இது. அதனால் இந்தக் கடிதத்தையும் இத்தனை பேரும் படிக்கலாம். படிக்கத் தெரியாத ராஜாமணிக்கு உன் தங்கை சரோஜாவை வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். தமிழ் படிக்க வராத சுதாவுக்கு நீயே படித்துச் சொல். ஒரு வரியும் விடாமல், உன் இஷ்டத்துக்கு இனிப்புச் சேர்க்காமல் சொல்.

சுதா கல்யாணம் நெருங்குகிறது, இந்த நேரத்தில் நாச்சாரத்தில் மகள் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். தங்கராசு மாமாவே போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் கருமாதிக்கும் வராமல் இருந்துவிட்டாய், இன்னும் யார் மேல் அம்மா கோபம் என்று கேட்டிருக்கிறாய். கேட்டுவிட்டாய் அல்லவா, பதில் வருகிறது, உட்கார்ந்து படி. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மளிகைப் பொட்டலத்தையும் வாரப் பத்திரிகையையும் எழுத்துக்கூட்டிப் படித்தே எழுதக் கற்றுக்கொண்டவள். எழுத்து கோணும். நினைவு கோணாது.

உனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப் குவார்ட்டர்சில் நமக்கும் தங்கராசு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அரக்கோணத்துப் பக்கத்துப் பையன், நம் பேச்சுப் பேசுகிறவன் என்று உன் அப்பா அவனைத் தம்பியாகவே வைத்திருந்தார். ஒரே சைக்கிளில் இரண்டு பேரும் வேலைக்குப் போவார்கள். ஒருநாள் விடியும்போது ராஜாமணிக்கு இடுப்புவலி கண்டுவிட்டது. ரிக்‌ஷாவில் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் நான். தங்கராசு சைக்கிளில் கூடவே வந்தான். தெருமுனை திரும்பும்போது திரும்பிப் பார்த்துக் கத்தினான், "அண்ணே, என் டோக்கனையும் போட்டுடு, மத்தியானம் வந்துடறேன்." வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த உன் அப்பா வாய் நிறைய நுரையோடு தலையாட்டினார். இதைக் கேட்டவர்களில் உயிரோடு இருப்பது இப்போது நானும் ராஜாமணியும்தான். அவள் அன்றிருந்த வலியில் கேட்டாளோ என்னவோ. நான் கேட்டேன்.

அந்த டோக்கன் என்னவென்று உன் ஆபீஸ் பழக்கத்தில் உனக்குப் புரியாமல் போகலாம். ஒவ்வொரு ஆளுக்கும் நம்பர் அடித்த ஒரு பித்தளை வில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் பலகையில் தொங்கும். அவனவன் வில்லையை அவனவன் கையால் எடுத்துப் பெட்டியில் போட்டால்தான் அவன் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. ஒருவனுடையதை இன்னொருவன் போடுவது அங்கே திருட்டுக்குச் சமம். எல்லோரும் செய்வார்கள், மாட்டிக்கொள்ளாதவரை. அன்றைக்குப் பார்த்து மேலே இருந்து ஒரு அதிகாரி வந்து பெட்டியில் இருந்த டோக்கனுக்கெல்லாம் ஆளை நிறுத்திப் பார்த்தார். தங்கராசு டோக்கன் இருந்தது, தங்கராசு இல்லை. போட்டது உன் அப்பா என்று தெரிந்துபோனது. விசாரணையில் அவனைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "நான் சொல்லவே இல்லைங்க, அவரு ஏன் போட்டாருன்னு எனக்குத் தெரியாது" என்றான். உன் அப்பாவைக் கேட்டார்கள். அவர் வாயே திறக்கவில்லை. நான் வந்து சொல்கிறேன் என்றேன். "பொம்பளைய எல்லாம் உள்ள விடமாட்டாங்கடி, சும்மாயிரு" என்றார். வேலை போனது. குவார்ட்டர்சைக் காலி செய்து நாச்சாரத்தில் ஒற்றை அறைக்கு வந்தோம். அங்கே ஒரு தகரப் பட்டறையில் அவர் டப்பா வெட்டினார், நான் தார்நாகாவில் விஞ்ஞானிகள் வீடுகளில் சமைத்தேன். உன் அப்பா தலை நரைக்கும் முன்பே போனார். அதற்கும் தங்கராசுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நெஞ்சுவலி யாருக்கும் வரும். இல்லாத பழியை ஏற்றினால் இருக்கிற பழி இளைத்துப்போகும்.

அதற்குப் பிறகு அவனோடு நான் பேசவில்லை. நீதான் பேசினாய். அவன் உனக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுத்தான், பரீட்சைக்கு உன்னைப் பின்னால் உட்காரவைத்து செகந்திராபாத் வரை மிதித்தான், வேலைக்கு மனுப் போட எங்கே எப்போது போக வேண்டும் என்று விசாரித்து வந்து சொன்னான். நீ அவனை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தாய். நான் தடுக்கவில்லை. வாசல் வரை வந்தான், பிறகு கூடம் வரை வந்தான். நான் அவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் உன் வழியாகத்தான். "வந்தவருக்குக் காப்பி வேணுமா கேளுடா" என்பேன், அவன் என் எதிரில் உட்கார்ந்திருப்பான். "அக்காவ சிரமப்பட வேணாம்னு சொல்லுடா" என்பான், நான் அவனுக்கு நாலடி தூரத்தில் நிற்பேன். யாதகிரிக்கு இது பெரிய வேடிக்கை. "டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சாலூ ஹை" எக்ஸ்சேஞ்ச் ஓடுகிறது என்று உன்னைப் பார்த்துச் சிரிப்பார். நீயும் சிரிப்பாய். அந்த எக்ஸ்சேஞ்சில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? ஒருநாள், "காப்பித்தூள் தீந்துபோச்சு, அவன் வீட்லயே போய்க் குடிக்கச் சொல்லு" என்றேன். நீ கூடத்துக்குப் போய், "மாமா, அம்மா டீ போடட்டுமான்னு கேக்கறாங்க" என்றாய். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். டீ போட்டேன். அந்த வழக்கத்தை வைத்தவள் நான், வளர விட்டவளும் நான். என் பேச்சில் சர்க்கரை போடுகிற உரிமை உனக்கு உண்டு என்று நீ நினைத்துக்கொண்டது அங்கேதான்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். செத்தவர்கள் மேலே போய் எமன் ஆபீசில் வரிசையில் நிற்கிற அந்தத் தமாஷ் நாடகம். எனக்கு இந்தி படிக்கத் தெரியாது, இத்தனை வருஷம் குழாயடியிலும் சந்தையிலும் நின்றதில் கேட்டால் புரியும். எமனுக்கு எருமை கிடையாது, ஸ்கூட்டர். சித்திரகுப்தன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடுவான். பியூனுக்குக் காசு கொடுத்தால் வரிசையில் முன்னால் விடுவான். நானும் சிரித்திருக்கிறேன். சிரிக்கத் தெரியாதவள் இல்லை நான். அன்றைக்கு வந்தவன் கலப்பட எண்ணெய் விற்ற ஒரு வியாபாரி. அவன் எண்ணெயைச் சாப்பிட்டு ஒரு விதவை கை கால் விழுந்து செத்துப்போனாள். அவனுக்கு நரகம்தான். ஆனால் கெடுதல் அனுபவித்தவள் 'மாஃப்', அதாவது மன்னித்தேன், என்று ஒரு வார்த்தை சொன்னால் சொர்க்கம் உண்டு என்று எமன் ஆபீசில் ஒரு சட்டம். அவளைக் கூப்பிடு என்கிறான் எமன். கிழவி சொர்க்கத்து ரேஷன் க்யூவில் நிற்கிறாள், இப்போது விட்டு வந்தால் இடம் போய்விடும் என்கிறான் பியூன். அப்போது அவள் மகன் ஓடி வந்து, "அம்மா சார்பில் நான் சொல்கிறேன், மாஃப்" என்கிறான். எமன் முத்திரை குத்துகிறான். வியாபாரி ஆடிக்கொண்டே உள்ளே போகிறான். நம் கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. யாதகிரி ஸ்டூலிலிருந்து விழப் போனார். "ஹவ், சஹீ ஹை, சரிதான், நம்ம பென்ஷன் ஆபீஸ் மாதிரியே" என்றார்.

தங்கராசு சிரிக்கவில்லை. நான் அவனைப் பார்ப்பதில்லை என்று பேர், ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். மப்ளரை ஒருமுறை அவிழ்த்துச் சுற்றினான். பிறகு இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, உன்னைப் பார்க்காமல், என்னைப் பார்த்துப் பேசினான். "அக்கா, எனக்கும் ஒரு வார்த்த சொல்லிடேன். போற காலம் வந்துடுச்சி." கையிலிருந்த அவரைக்காயை நான் கீழே வைத்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. திட்டவும் வந்திருக்கலாம், அழுகை வந்திருக்கலாம். ஒன்றும் வராமலும் போயிருக்கலாம். வாயைத் திறந்தேன். நீ அந்த நாடகத்து மகன் குரலிலேயே, கையைத் தூக்கிக்கொண்டு, "அம்மா சார்பில் நான் சொல்றேன் மாமா, மாஃப்" என்றாய்.

எல்லோரும் சிரித்தார்கள். யாதகிரி கை தட்டினார். விமலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல வேளை, இத்தனை நாள் கழிச்சாவது" என்றாள். தங்கராசு எழுந்து வந்து உன் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நான் சொன்னேன், "நான் ஒண்ணும் சொல்லலயே. உன் வாயி எப்படிடா என் வாயாகும்?" டி.வி.யில் சோப்பு விளம்பரம் அலறிக்கொண்டிருந்தது. என் குரல் கேட்டது சுதாவுக்கு மட்டும்தான். "நானம்மா, கோபம் எந்துக்கு? ஜோக்கே கதா" என்று தெலுங்கில் என்னைச் சமாதானப்படுத்தினாள். ஜோக்தானே பாட்டி, கோபம் எதற்கு என்கிறாள் குழந்தை. எழுந்து போய் டி.வி.யை அணைத்தேன். அப்போதும் நீ என்ன சொன்னாய்? "அம்மாவுக்கு வெக்கமா இருக்கு மாமா, கண்டுக்காதீங்க" என்றாய். எனக்கு வெட்கமாம். அந்த நேரத்தில் கையில் அரிவாள்மணை இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

அன்று சாயங்காலம் உன்னிடம் கேட்டேன், யாரைக் கேட்டு அப்படிச் சொன்னாய் என்று. நீ எனக்கு ஒரு பிரசங்கமே செய்தாய். மாமா எத்தனை பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறார், எத்தனை பிணத்துக்கு முன்னால் நின்று தோள் கொடுத்திருக்கிறார், நம் குடும்பத்துக்கு என்னவெல்லாம் செய்திருக்கிறார், ஒரு தப்புக்கு இத்தனை நல்லதும் ஈடாகாதா என்றாய். அன்றைக்கு அடுப்படிக்குப் போய்விட்டேன். இப்போது பதில் சொல்கிறேன். நம் வீட்டுக் குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று பக்கத்து வீட்டுக் குழம்பில் தண்ணீர் ஊற்றினால் சரியாகுமா? அவன் உனக்குச் செய்தது உனக்கு. நீ அவனுக்கு நன்றி சொல், காலில் விழு, கொள்ளி வைக்கிற மகனுக்குப் பக்கத்தில் நில். நின்றாயே, நான் குறை சொன்னேனா? உன் அப்பாவுக்குச் செய்ததை உன் அப்பா பொறுப்பார். அந்த மேலுலகம் என்று ஒன்று இருந்து, தங்கராசு அங்கே போய்ச் சேர்ந்தால், உன் அப்பா நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுப்பார். அது அவர் குணம், அவர் இடம். எனக்குச் செய்ததுக்கு மட்டும் நான்தான் ஆள். எமனே ஆனாலும் என்னைக் கேட்காமல் முத்திரை குத்த அவன் யார்? எனக்கு அந்த நாடகத்தில் வேடிக்கை தெரியாமல் இல்லை. ரேஷன் க்யூவில் நிற்கிற அந்தக் கிழவியை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லையே என்றுதான் இருக்கிறது. அவள் அரிசி வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறாள், தன் கையைக் காலை முடக்கியவன் பக்கத்து வீட்டில் ஊஞ்சலாடுகிறான், கேட்டால் நீதான் மன்னித்துவிட்டாயே என்கிறார்கள். அடுத்த வாரம் அதைக் காட்டுவார்கள் என்று பார்த்தேன். காட்டவில்லை. யாரோ ஒரு சினிமாக்காரன் செத்து வந்து நின்றான்.

மன்னிப்புக் கேட்பது எப்படி என்று உனக்குத் தெரியாதா என்றால், தெரியும். நாச்சாரத்து அறையில் சரோஜா ஒரு கோழிக்குஞ்சு வளர்த்தாளே, மஞ்சள் நிறத்தில், காலில் சிவப்பு நூல் கட்டி. நீ கூடையைத் திறந்துபோட்டுவிட்டு ஓடிவிட்டாய், பூனை கொண்டுபோனது. அழுதுகொண்டு என்னிடம் வந்து, "அம்மா, மன்னிச்சிடும்மா" என்றாய். நான் என்ன சொன்னேன்? "என் குஞ்சா போச்சு? அவகிட்டப் போய்க் கேளு" என்றேன். அவள் உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றாள். உன் அப்பா சமாதானம் செய்யப் போனார், நான் விடவில்லை. நீ தினமும் அவள் புத்தகப்பையைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போனாய். அவள் பத்தடி முன்னால் திரும்பிப் பார்க்காமல் நடப்பாள். மழைக்காலம் முழுக்க அப்படியே போனது. பிறகு ஒருநாள் குழாயடியில் அவளாகவே ஒரு கை தண்ணீரை எடுத்து உன் மூஞ்சியில் அடித்தாள். நீ சிரித்துக்கொண்டே உள்ளே ஓடி வந்தாய், சட்டையெல்லாம் ஈரம். அன்றைக்கு நீ சாப்பிட்ட சாப்பாடு எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த மழைக்காலத்தை நான் முதல் நாளே, "சரி போடா, அவ மன்னிச்சிட்டா" என்று சொல்லி முடித்திருந்தால், அந்தத் தண்ணீர் உன் மேல் விழுந்திருக்குமா?

இத்தனைக்கும் இது வரைக்கும் எழுதியதெல்லாம் வெறும் கோபம்தான். தங்கராசு செத்த செய்தி வந்தபோது நான் வரவில்லை என்று நீ கத்தினாய். கருமாதி அன்று, "அவர் நிம்மதியா போனார், நீ மன்னிச்சிட்டேங்கற நிம்மதியோட போனார், அந்த வீட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு சாப்பிட்டா உனக்கு என்ன குறைஞ்சிடும்" என்றாய். என் பேரைச் சொல்லி ஒரு பொய்யை அவன் தலைமாட்டில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள், அங்கே போய் நான் இலை போட்டுச் சாப்பிட வேண்டுமா என்று பையை எடுத்துக்கொண்டு சரோஜா வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்படியே விட்டிருந்தால் சுதா கல்யாணத்துக்குள் என் கோபம் ஆறியிருக்கும். உன் கடிதம் வந்ததும் நாளைக்கே கிளம்பலாம் என்றுகூட நினைத்தேன். நேற்று மத்தியானம் ராஜாமணி வந்தாள்.

தனியாக, பஸ் ஏறி வந்திருந்தாள். நெற்றியில் ஒன்றுமில்லாமல் அவளை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சரோஜா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொம்பை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானாகவே ஆரம்பித்தேன். "ராஜாமணி, உன்கிட்டப் பொய் சொல்ல எனக்கு வாய் வராது. அன்னைக்கு டி.வி. முன்னாடி சொன்னது நான் இல்ல. பையன் சொன்னது."

"தெரியும்க்கா," என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"எனக்கு என்ன, அவருக்கே தெரியும். அன்னைக்கு வீட்டுக்குப் போறப்பவே பஸ்ல சொன்னாரு. பையன் நல்லவன், அதனால பொய் சொல்றான், அக்கா இன்னும் சொல்லலன்னு."

"அப்புறம் கண்ணுல ஒத்திக்கினானே?"

"குழந்தப் புள்ளைங்க முன்னாடி வேற என்னாக்கா பண்ணுவாரு? அவமானமா பூட்ச்சி அவருக்கு." முந்தானையால் சொம்பைத் துடைத்தாள். "படுத்தப்புறம் அதே புலம்பல்தான். அக்காவக் கூட்டியா, அவங்க என்ன வேணா திட்டட்டும், ஒருவாட்டி நேர்ல பேசட்டும்னு. நாங்களும் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பிச்சோம். நீ வரல. வராததும் ஞாயம்தான்னு நெனச்சிக்கினோம்."

"யார்கிட்டச் சொல்லி அனுப்பின?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "கதிர்கிட்டத்தான். உனக்குச் சேதின்னா வேற யார்கிட்டச் சொல்லுவோம்? எப்பவும் அவந்தானே." சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "அம்மாவுக்கு முட்டி வலி, நடக்க முடியல, அவங்கதான் எப்பவோ மன்னிச்சிட்டாங்களே மாமா, நீங்க நிம்மதியாத் தூங்குங்கன்னு சொல்லுவான்க்கா. வந்து கால அமுக்கிவிடுவான். அவரு வாசப்பக்கமே பாத்துனு கெடப்பாரு" என்றாள்.

தார்நாகாவில் உன் வீட்டிலிருந்து லாலாகுடா எவ்வளவு தூரம்டா? அதே முட்டியோடு நான் சந்தைக்குப் போய்க் கூடை நிறையக் காய் சுமந்து வருகிறேன். அதே முட்டியோடு உன் வீட்டு மாடியில் வடாம் காயப்போடுகிறேன். அவன் படுத்துக் கிடக்கிறான் என்றுதான் நீ சொன்னாய், கூப்பிடுகிறான் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அங்கே போய்விட்டு வந்து, "எப்படிடா இருக்கான்?" என்று நான் கேட்டால், "நல்லாத் தூங்கறார்மா" என்பாய். நான் கேட்டேன் என்பதை மறந்துவிடாதே. அவன் பேரைச் சொல்லாமல் கேட்டேன், ஆனால் கேட்டேன்.

நான் போயிருப்பேன். இதை நீ நம்ப மாட்டாய், அம்மா போனால் சாகிறவன் தலைமாட்டில் நின்று சபித்துவிடுவாள் என்று பயந்துதான் நீ மறைத்திருப்பாய். ஒருவேளை சபித்திருப்பேன். அவனே அதற்கு ஒப்புக்கொண்டுதானே கூப்பிட்டான்? அவனிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. விசாரணையில் அவன் பொய் சொன்னதைக்கூட நான் கேட்டிருக்க மாட்டேன். பச்சை உடம்புக்காரி ஒருத்தி வீட்டில் கிடக்க, கையில் குழந்தையோடு, வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ஒரு மனிதன் பொய் சொல்வான். அது எனக்குப் புரியும். அந்தக் குழந்தையை முதலில் கையில் வாங்கியவளே நான்தான். நான் கேட்க நினைத்தது அன்று சாயங்காலத்தை. விசாரணை முடிந்து வந்து உன் அப்பா விளக்குக்கூட ஏற்றவிடாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். "வருவான். வந்து சொல்லிட்டு அழுவான். அழட்டும், நீ எதுவும் பேசக் கூடாது" என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தார். நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமுவதுகூடக் கேட்டது. வரவில்லை. நாங்கள் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பின நாள் வரை வரவில்லை. ஏன்டா வரல என்று அவனைக் கேட்டு, அவன் சொல்கிற பதிலைக் கேட்டுவிட்டு, அதற்கு அப்புறம் எனக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்திருப்பேன். நேற்று ராஜாமணியிடம் அதைக் கேட்டேன். "தெரியலக்கா. என்கிட்டச் சொன்னதில்ல. உன்கிட்டச் சொல்லத்தான் வச்சிருந்தாரோ என்னவோ" என்றாள். அந்தப் பதில் அவனோடு எரிந்துபோனது.

நீ செய்ததில் கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் வலிக்காமல் இருக்கட்டும் என்று செய்தாய். சாகிறவனுக்கு நிம்மதி, கிழவிக்கு அலைச்சல் மிச்சம், கல்யாணம் வருகிற வீட்டில் சண்டை வேண்டாம். நல்ல எண்ணத்துக்கு அந்த எமன் ஆபீசில் என்ன கூலியோ, அது உனக்குத் தாராளமாகக் கிடைக்கட்டும். ஆனால் உன் நல்ல எண்ணத்தில் அவன் வாசலைப் பார்த்துக்கொண்டே செத்தான், நான் வாசல் பக்கமே போகாமல் இருந்துவிட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் மிச்சம் இருந்தது அந்த ஒரு பேச்சு. அதை நடக்கவிடாமல் செய்துவிட்டு வந்து, எங்கள் இரண்டு பேருக்கும் நல்லது செய்ததாக நீ நிம்மதியாகச் சாப்பிட்டாய்.

சுதா கல்யாணத்துக்கு வருவேன். முகூர்த்தத்துக்கு முதல் நாளே வந்து முறுக்குக்கு மாவு பிசைவேன், விமலா பிசைந்தால் சரியாக வராது. உனக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைப்பேன், காய்ச்சல் வந்தால் கஞ்சி போடுவேன், உன் மாப்பிள்ளை முன்னால் உன்னைத் தலைகுனிய வைக்க மாட்டேன். மன்னிக்காமலே சோறு போடலாம், மன்னிக்காமலே தலையைத் தடவிக் கொடுக்கலாம், எனக்கு இரண்டும் வரும். மேடையில் ராஜாமணியை என் பக்கத்தில் உட்காரவைக்கச் சொல், தாலி அறுத்தவள் என்று யாராவது முகம் சுளித்தால் என்னிடம் அனுப்பு. எனக்கும் அவளுக்கும் இனி நடுவில் ஆள் தேவையில்லை, நேற்றே நேராகப் பேசிக்கொண்டுவிட்டோம்.

நீ என் காலில் விழுவாய் என்று எனக்குத் தெரியும். விழாதே. விமலாவையோ சரோஜாவையோ தூது அனுப்பாதே. எனக்கு நாள் வந்து, வாய் பேசாமல் கிடக்கும்போது, யாராவது உன் மனம் ஆற வேண்டும் என்று, "உங்கம்மா எப்பவோ மனசுக்குள்ள உன்ன மன்னிச்சிட்டாங்கப்பா" என்று சொல்வார்கள். நல்லவர்கள்தான் சொல்வார்கள். நம்பாதே. நான் யாரை மன்னித்தேன், யாரை மன்னிக்கவில்லை என்று என் கையாலேயே இதில் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். விசாரணை செய்த அதிகாரியை மன்னித்தேன், அவர் தன் வேலையைப் பார்த்தார். வாய் திறக்காத உன் அப்பாவை மன்னித்தேன், அதற்கு எனக்கு வெகுகாலம் ஆனது. தங்கராசுவை மன்னித்தேனா இல்லையா என்பது இனி எனக்கே தெரியப் போவதில்லை. மன்னிக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தது ஒரே ஒருவனைத்தான். என் வயிற்றில் பிறந்த மூத்தவன், கதிரேசன்.